மேசைக்கு மரம் பார்க்க வந்தவர்

அன்று அங்கே இருந்தவர்கள்: பள்ளிக்கூடத்து அதிபர், தோட்டத்துக் கங்காணி, மேசை செய்த தச்சனான நான், பிறகு ஹட்டனிலிருந்து பஸ்ஸில் வந்த அந்த அதிகாரி.

இப்போது அரசாங்கம் பள்ளிக்கூடத்துக்கு மேசை வாங்குவதென்றால் நட்டு வளர்த்த மரத்தில் செய்திருக்க வேண்டும். காட்டு மரம் என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எனக்கு அது நான்கு மாத வேலை.

அதிகாரி ஒல்லியான மனிதர், யாழ்ப்பாணத்துக்காரர். தூறலிலும் குடையை விரிக்கவில்லை. தோட்டத்தில் நான் மரம் வெட்டிய இடத்தில் ஒவ்வொரு அடிக்கட்டையிலும் காய்ச்சல் பார்ப்பதுபோல உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடி, எண்ணிக்கொண்டே பனிமூட்டத்துக்குள் போனார். கொஞ்ச நேரம் குரல் மட்டும் கேட்டது.

திரும்பி வந்து, “பெர்மிட்டில பன்னிரண்டு எண்டு எழுதியிருக்கு. பதிமூண்டு நிக்குது” என்றார்.

“பன்னிரண்டுதாங்க ஐயா வெட்டுனேன்” என்றேன்.

“கட்டை குட்டி போட்டிருச்சு போலங்க” என்று கங்காணி சிரித்தார்.

அதிகாரி சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, “கடைசிக் கட்டையில ஆத்துத் தண்ணி மணக்குது. அது எந்த மரம்?” என்று கேட்டார்.

மரம் போதாமல் ஆற்றோரக் காட்டில் ஒன்றை வெட்டியிருந்தேன். அந்த ஆறு மலைக்கு அந்தப் பக்கம். அதை வெட்டிய அன்று என்னோடு யாரும் வரவில்லை.

உண்மையைச் சொன்னேன். அந்த மரத்தில் செய்த ஐந்து மேசைகளை மட்டும் தள்ளிவிட்டு, மற்றவற்றுக்குக் கையெழுத்துப் போட்டார்.

அவருக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை. அவருடைய பஸ் போன பிறகு நான் தனியாகத் தோட்டத்தில் ஏறிப்போய், அவர் எண்ணிய அதே இடத்தில் கட்டைகளை எண்ணினேன். பதின்மூன்று.