தும்பைச் செடிக்குப் பாடை கட்டிய சன்னாசி

மலாயாவில், செமோருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் சன்னாசி பதினைந்து வருடம் புல் வெட்டினான். மரத்தடியில் ஒரு பச்சை தெரிந்தாலும் துரைக்குப் பொறுக்காது. சன்னாசி முளையிலேயே வெட்டிவிடுவான். அதனால் ஒரு களை பூத்தோ காய்த்தோ கிழடாகியோ அவன் பார்த்ததே இல்லை. தோட்டத்திலேயே பிறந்தவனுக்கு வயல்காடும் தெரியாது. இதை மனதில் வையுங்கள், இல்லாவிட்டால் அவனைப் பைத்தியம் என்பீர்கள்.

1926இல் அவன் மனைவி இருளாயி கெடு வைத்தாள். இன்னொரு தடவை கள்ளுக்கடைக்குப் போனால், இரண்டு ஆட்டையும் ஓட்டிக்கொண்டு ஜெலாப்பாங்கில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவாளாம். சன்னாசி கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தான். ஆனால் சாயங்காலமானால் கால் கள்ளுக்கடைப் பக்கமே இழுத்தது. புதிதாகக் கப்பலில் வந்த உடையப்பன், மடியில் முடிந்து வந்த தும்பை விதையில் கொஞ்சம் கொடுத்தான்.

"இத வளத்துப் பாரு அண்ணே. பொழுது போகும்."

ஒரு செடிதான் தங்கியது. அதற்கு மங்களம் என்று பெயர் வைத்தான். அந்த வருடம் மழை பொய்த்து, துரை வீட்டு ரோஜா கருகியது. மங்களமோ மணல் வாசலில் நின்று வெள்ளை வெள்ளையாகப் பூத்தாள். தேனீயும் பட்டாம்பூச்சியும் மொய்த்தன.

"மெதுவா லா, பிள்ளைக்கு வலிக்கும்" என்று சன்னாசி தேனீக்களை அதட்டுவான். தோட்டத்தில் மருந்து கொடுத்துக் கட்டுப்போடும் டிரெஸ்ஸர் நான்தான்.

"ஆம்புரோஸ் அண்ணே, பிள்ளைக்கு நாடி பாருங்க" என்றான் ஒரு நாள். பார்த்தேன். வெட்கக்கேடுதான்.

விதை முற்றினால் தும்பை காய்ந்து சாகும். அதன் ஆயுளே அவ்வளவுதான். மங்களமும் காய்ந்தாள். சன்னாசி வைத்த ஒப்பாரியில் லயத்து வீட்டு ஆட்களெல்லாம் கூடிவிட்டார்கள். உடையப்பனுக்கு உண்மை தெரியும். ஆனால் சாவு என்றால் கள் உண்டே! அந்தத் திருட்டுப் பயல் வாயைத் திறக்கவில்லை.

மூங்கிலில் பாடை கட்டினோம். நான் மண்ணெண்ணெய்த் தகரம் அடித்தேன்.

"நேரா சுடுகாடு, நேரா வீடு. தெரியுதா?" என்றாள் இருளாயி.

பாதி வழியில் கள்ளுக்கடைக் கூரை தெரிந்தது. கால்கள் தாமாகத் திரும்பின. கடை வாசலில் பாடையை இறக்கினோம், குடித்தோம், தூக்கி ஆடினோம், மறுபடி இறக்கினோம். ஒரு வழியாகப் புதைத்துவிட்டு, வாய் நிறைய வெற்றிலையோடு திரும்பி, நேராகத்தான் போனோம் என்று சாதித்தோம்.

பிறகு மழை வந்தது. இரண்டே மாதத்தில், பாடையிலிருந்து விதை உதிர்ந்த வழியெல்லாம் தும்பை பூத்தது. சன்னாசி வீட்டு வாசலில் தொடங்கி, பாதி வழியில் திரும்பி, கள்ளுக்கடை வாசலில் பாய் விரித்த மாதிரி அடர்ந்து, அங்கிருந்து கோணல்மாணலாகச் சுடுகாடு வரைக்கும்.

ஒரு காலையில் இருளாயி பூக்களைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். நான் பயந்துகொண்டே பின்னால் போனேன். கள்ளுக்கடை வாசலில் சன்னாசி மண்வெட்டியோடு நின்றான். ஒரு செடியையும் தொட்டிருக்கவில்லை. கண் கலங்கியிருந்தது.

"வெட்டியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதே?"

"முடியல புள்ள. எல்லாம் மங்களத்தோட பிள்ளைங்க. நீ ஆட்ட ஓட்டிக்கிட்டுப் போ."

இருளாயி சிரிப்பை அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை.

"போகல. இத்தன பிள்ளைங்கள யாரு பாக்குறது? தினமும் சாயங்காலம் இங்க வந்து தண்ணி ஊத்து. நானும் கூட வாரேன்."

வந்தாள். கடை மூடும்வரை வாசலில் குடத்தோடு உட்கார்ந்து, உள்ளே போகிறவர்களை எல்லாம் முறைத்தாள். ஒருத்தனும் போகவில்லை. நாங்கள் நாக்கு வறண்டு தூரத்தில் நின்றோம்.

தும்பைக்குத் தண்ணீரே வேண்டாம் என்பது உடையப்பனுக்குத் தெரியும். போய்ச் சொல்லடா என்று அவனைப் பிடித்துத் தள்ளினோம். இருளாயி நிமிர்ந்து பார்த்தாள். இந்தத் தடவையும் அவன் வாயைத் திறக்கவில்லை.