கால் வெந்ததற்கு நானா காரணம்?

நாங்கள் சேக்காட்டுக்குக் குடிவந்த புதிதில் என் கணவரின் குடியை நிறுத்தியவர் பக்கத்துத் தெரு சாமியார். தினமும் விடியற்காலையில் உட்காரவைத்து மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார். என் கணவர் சாராயக் கடைப் பக்கம் போவதையே விட்டார். அந்த நன்றி எனக்கு உண்டு.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஓர் ஆடி மாதம், சாமியார் சொன்னாரென்று என் கணவர் காப்புக் கட்டித் தீ மிதித்தார். பாதம் கொப்பளித்துவிட்டது. சாமியார் அத்தனை கூட்டத்தில் என்னைக் கைகாட்டி, "ஊட்டுல பொம்பள ஒழுங்கா இருந்தா நெருப்பு சுடுமா?" என்றார்.

குடித்த காலத்தில்கூட என்னைச் சந்தேகப்படாத மனிதர், அன்றிலிருந்து நான் போட்ட சோற்றைத் தொடவில்லை. "உங்கம்மா ஊட்டுக்குப் போயிடு" என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை சாமியார் நடத்திய பூசையில் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்றேன். "வர்ற வருசம் நீங்க மொதல்ல எறங்குங்க சாமி. உங்க ஊடு எப்டின்னு நாங்களும் பாக்குறோம்."

சாமியாரின் மனைவியே, "அதான, எறங்கேன்யா!" என்றார்.

"எனக்குச் சக்கரை கீதும்மா. கால் வெந்தா ஆறாது" என்று குழறினார் சாமியார்.

"ஒழுங்கான ஊட்டு ஆளுக்கு ஏன் சாமி கால் வேவப்போவுது?" என்றேன். கூட்டம் சிரித்தது. என் கணவர் தலைகுனிந்தார். வீட்டுக்கு வந்ததும் காலை நீட்டி, "மருந்து போட்டு உடு" என்றார்.

மூச்சுப் பயிற்சியை இன்றும் இருவரும் செய்கிறோம். ஆனால் ஆடி பிறந்தால் சாமியார் வாசலில் நின்று, "இந்த வருசமாச்சும் எறங்குறீங்களா சாமி?" என்று தெருவுக்கே கேட்கும்படி கேட்கிறேன். அவர் இறங்கும்வரை கேட்பேன்.