எண்பத்தைந்தாவது தாள்

பேய் ராத்திரியில்தான் வரும் என்று சொல்கிறவர்கள் பகலில் எதையும் சரியாகப் பார்க்காதவர்கள். எனக்கு நடந்தது பட்டப்பகலில். 1942, ஏப்ரல் பன்னிரண்டு, ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் ஒன்று நாற்பதிலிருந்து இரண்டு நாற்பது வரை. மயாமியில், ஒரு கார்ட்டூன் ஸ்டூடியோவின் கழுவும் அறையில். நான் குடிப்பதில்லை. கதை கட்டுகிற அளவுக்குப் படிப்பும் இல்லை, ஆறாம் வகுப்போடு சரி. நம்புகிறவன் நம்பட்டும். நம்பாதவனை நானும் நம்புவதில்லை.

என் பெயர் ஹோபர்ட். அந்த ஸ்டூடியோவில் என் வேலை படத்தைக் கழுவுவது. கார்ட்டூனில் ஓர் ஆள் ஒரு அடி எடுத்து வைக்கவே பத்துப் பன்னிரண்டு படம் வேண்டும். ஒவ்வொன்றையும் ஒரு கண்ணாடித் தாளில் மையால் கோடு போட்டு, பின்பக்கம் வண்ணம் பூசுவார்கள். காமிரா பிடித்து முடித்ததும் அந்தத் தாளுக்கு வேலை இல்லை. போர்க்காலம், புதுத் தாள் கிடைக்காது. அதனால் வெந்நீரில் சோப்பும் அம்மோனியாவும் கலந்து, பழைய தாளைத் தேய்த்துக் கழுவி, கம்பியில் காயப்போட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பத்துப் பெண்கள் ஒரு வாரம் முதுகு வலிக்கக் குனிந்து பூசியதை நான் ஒரே மத்தியானத்தில் சாக்கடைக்கு அனுப்புவேன். வருத்தமெல்லாம் கிடையாது.

அப்போது ஸ்டூடியோவை வாழவைத்தது ஒரு பறக்கும் வீரன். முகமூடி, அகல மார்பு, மஞ்சள் அங்கி. நாங்கள் மஞ்சளங்கி என்றே கூப்பிடுவோம். இடிந்து விழும் பாலத்தைத் தோளில் தாங்குவான். எட்டு நிமிடப் படம். பெரிய படத்துக்கு முன்னால் போடுவார்கள். அதற்காகவே சனம் சீக்கிரம் வந்து உட்காரும்.

அந்த மஞ்சளங்கி என் தம்பி.

நிஜ மனிதன் மாதிரி அசைய வேண்டும் என்று, ஓர் ஆளை நடக்கவிட்டு, குதிக்கவிட்டு, சினிமா பிடித்து, அதைப் பார்த்து அப்படியே கோடு எடுப்பார்கள். அந்த ஆள் கிளைட், என் தம்பி. கழுத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு ஏணியிலிருந்து குதித்தான். இரண்டு முக்காலி மேல் குப்புறப் படுத்துப் பறந்தான். முகத்தை மட்டும் மாற்றிவிட்டார்கள். சின்ன வயதில் மாமரத்திலிருந்து விழுந்ததில் அவனுக்கு இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும். மஞ்சளங்கிக்கும் இறங்கியிருக்கும்.

கழுவும் அறை வாசலில் வந்து நின்றுகொண்டு கேலி பண்ணுவான்.

"அண்ணே, ஊர்ல எந்த அண்ணனாவது தம்பியை ஒரு நாளைக்கு நானூறு தடவை குளிப்பாட்டுவானா?"

"போடா. வேலையைக் கெடுக்காதே."

"மூஞ்சியை மட்டும் மெதுவாத் தேயி."

"அது உன் மூஞ்சி இல்லடா."

"என்னோடதைவிட நல்லாயிருக்கே. அதான் சொல்றேன்."

படப்பிடிப்பு முடிந்ததும் அவனுக்கு வேலை இல்லை. எண்ணெய்க் கப்பல் ஒன்றில் சேர்ந்தான். அந்த வருடம் கடலுக்கு அடியில் ஜெர்மன்காரன் காத்திருந்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். அவனுக்கும் தெரியும். ஏப்ரல் ஏழாம் தேதி, செவ்வாய்க்கிழமை போனான்.

அன்றிலிருந்து அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரே ஒரு தாள் கொண்டாடா. அவன் போட்டோன்னு வீட்டுல ஒண்ணுகூட இல்ல. சுவத்துல மாட்டி வைக்கிறேன்."

"எண்ணித்தாம்மா குடுக்கிறாங்க. ஒண்ணு குறைஞ்சா என் வேலை போச்சு."

"அத்தனையில ஒண்ணு. யாருக்குத் தெரியப் போகுது?"

"பர்விஸுக்குத் தெரியும்."

பர்விஸ் எங்கள் மேஸ்திரி. அம்மா காதில் வாங்கவில்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சமையலறைச் சுவரில் ஓர் ஆணி அடித்தாள்.

கிளைட்டைப் பிடித்த சினிமாச் சுருளை, அதில் பூசியிருக்கும் வெள்ளிக்காகக் கரைத்துவிட்டார்கள். தாள்கள் மட்டும்தான் மிச்சம். அவற்றையும் திங்கட்கிழமைக்குள் கழுவியாக வேண்டும். அடுத்த படம் தொடங்குகிறது. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை வேலை.

பர்விஸ் கடைசிக் காட்சியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான்.

"எண்பத்து நாலு. கையெழுத்துப் போடு."

நான் எண்ணத் தொடங்கினேன்.

"நான்தான் எண்ணிட்டேனே. என்னை நம்ப மாட்டியா?"

"மாட்டேன்."

"கிழட்டுக் கழுதைக்குப் பொறந்தவனே" என்று சிரித்தான். நான் எண்ணி முடித்தேன். எண்பத்து நாலுதான். அவன் வெளிக்கதவைப் பூட்டிக்கொண்டு சாப்பிடப் போனான். விடுமுறை நாளில் பூட்டுவது வழக்கம், தாள் வெளியே போகக்கூடாது என்று.

பன்னிரண்டு நாற்பது. தொடங்கினேன்.

அந்தக் காட்சியில் மஞ்சளங்கி ஒரு கூரை விளிம்பில் நின்று திரும்பிப் பார்த்து, வலது கையைத் தூக்குவான். அவ்வளவுதான். படம் முடிந்துவிடும். ஒவ்வொரு தாளின் மூலையிலும் எண் இருக்கும். ஒன்று, இரண்டு என்று எடுத்துத் தொட்டியில் போட்டேன். தண்ணீர் மஞ்சளாயிற்று. எண்பத்து நான்கில் கை முழுக்க உயர்ந்திருந்தது. அதையும் கழுவினேன். சுவர்க் கடிகாரம் ஒன்று நாற்பது.

மேசை காலியாக இருக்க வேண்டும்.

இல்லை. இன்னொரு தாள் கிடந்தது.

மூலையில் எண்பத்தைந்து என்று இருந்தது. அதே மை. அதே கையெழுத்து.

தப்பாக எண்ணிவிட்டேன் என்று நினைத்தேன். பிறகு, பர்விஸும் நானும் இருவரும் எப்படித் தப்பாக எண்ணுவோம் என்று நினைத்தேன். படத்தில் மஞ்சளங்கியின் கை இறங்கியிருந்தது. மார்புக்குக் கீழே ஒன்றும் வரையவில்லை. நேர்க்கோடாக வெட்டினாற்போல் நின்றிருந்தது. அது எனக்கு விசித்திரமாகப் படவில்லை. ஆள் சுவருக்குப் பின்னால் நின்றால் சுவர் மறைக்கிற பாகத்தை யாரும் வரைய மாட்டார்கள். வண்ணம் மிச்சம்.

கழுவினேன். இந்தத் தாள் மட்டும் லேசில் விடவில்லை. ஐந்து நிமிடம் தேய்க்க வேண்டியிருந்தது.

திரும்பினேன். மேசையில் எண்பத்தாறு.

அங்கி இல்லை. வெறும் சட்டை. வெட்டுக்கோடு கொஞ்சம் மேலே ஏறியிருந்தது.

கதவைப் போய்ப் பார்த்தேன். பூட்டியிருந்தது. "யாருடா அது?" என்று கத்தினேன். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. டக்... டக்... வேறு சத்தம் இல்லை.

அதையும் கழுவினேன். ஏன் என்று கேட்காதீர்கள். தாள் வந்தால் கழுவுவேன். பதினோரு வருடமாகச் செய்தது அதுதான்.

எண்பத்தேழு. எண்பத்தெட்டு. ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிடம். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே தேய்த்தேன்.

இரண்டு மணிக்கு எண்பத்தொன்பது. முகமூடி இல்லை. தாடை வேறு தாடை.

கிளைட்டின் தாடை.

தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது. இடது தோள் இறங்கியிருந்தது. வெட்டுக்கோடு இப்போது அக்குளில்.

அம்மோனியா வாசனை போய்விட்டது. வேறு வாசனை... கடற்கரையில் அடிக்கிற வாசனை. கடற்கரை அங்கிருந்து நான்கு மைல்.

தொண்ணூறு. தொண்ணூற்றொன்று. எனக்கு எதுவும் தோன்றவில்லை. பயம்கூட இல்லை. கை மட்டும் தேய்த்துக்கொண்டிருந்தது.

தொண்ணூற்று நான்கில் கோடு கழுத்துக்கு வந்துவிட்டது.

இரண்டு முப்பத்தைந்து. தொண்ணூற்றாறு.

தலையும் ஒரு கையும் மட்டும். வாய் திறந்திருந்தது. கண் என்னைப் பார்த்தது.

அம்மா அடித்த ஆணி நினைவுக்கு வந்தது. இந்தத் தாள் கணக்கில் இல்லை. எண்பத்து நாலுக்குத்தான் கையெழுத்து. எடுத்துச் சட்டைக்குள் வைத்தால் யாருக்கும் தெரியாது. நிஜமாகவே அவன் முகம். அம்மா கேட்டது அதைத்தானே.

சுற்றிக் கொண்டுபோகக் காகிதம் எடுக்கத் திரும்பினேன். எடுத்துக்கொண்டு வந்தேன்.

கை இன்னும் மேலே உயர்ந்திருந்தது.

தாளின் விளிம்புவரை.

விரல்கள் விளிம்பைப் பிடித்திருந்தன.

டக்... டக்... குழாய் இல்லை. குழாய் நின்றிருந்தது. சத்தம் தாளிலிருந்து...

தொட்டியில் அமுக்கினேன்.

தேய்த்தேன்.

போகவில்லை. இன்னும் தேய்த்தேன்.

முகம் போயிற்று. கண் போயிற்று. கடைசியாக விரல்கள்.

இரண்டு நாற்பது.

மேசை காலி.

பர்விஸ் வந்து கதவைத் திறந்தபோது நான் உட்கார்ந்திருந்தேன். வீட்டில் அம்மா, "கொண்டாந்தியா?" என்றாள். "எண்ணி வாங்கிட்டாங்க" என்றேன். ஆணியில் கைத்துணியை மாட்டிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் பர்விஸ் என்னைக் கம்பிக்குப் பக்கத்தில் கூப்பிட்டான். கடைசிப் பன்னிரண்டு தாளிலும் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தான்.

"உப்பு. என்னய்யா, கடல்ல போய்க் கழுவுனியா?"

"குழாய்த் தண்ணிதான்."

"எண்பத்து நாலு குடுத்தேன். தொண்ணூத்தாறு தொங்குது. யாருக்குய்யா தாள் குட்டி போடுது?"

"நீதானே எண்ணினே."

அவன் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு என்னோடு தனியாக அந்த அறையில் நிற்கவே மாட்டான்.

ஏப்ரல் முப்பதாம் தேதி தந்தி வந்தது. கப்பல் மூழ்கியது, கிளைட்டைக் காணவில்லை. எந்த நாள், எந்த இடம் என்று இல்லை. போர் முடியும்வரை அதையெல்லாம் சொல்ல மாட்டார்கள். காணவில்லை என்றுதானே இருக்கிறது என்று அம்மா ஆகஸ்டு வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்டில் ஆம்புரோஸ் என்ற ஆள் எங்கள் வீட்டைத் தேடிவந்தான். கிளைட்டோடு அதே கப்பலில், எஞ்சின் அறையில் வேலை பார்த்தவன். காது ஒரு பக்கம் கருகியிருந்தது. அம்மா காப்பியும் சோள ரொட்டியும் வைத்தாள். அவன் ரொட்டியைத் தொடவில்லை.

"ராத்திரி ரெண்டு நாப்பதுக்கு அடிச்சாங்கம்மா. கரோலினாக் கரைப் பக்கம். ஏப்ரல் பன்னெண்டு, சனிக்கிழமை முடிஞ்சு ஞாயிறு பொறந்த நேரம். நானும் அவனும் ஒரு பலகையைப் புடிச்சுக்கிட்டுக் கெடந்தோம்."

"எவ்வளவு நேரம்?" என்றாள் அம்மா.

"பன்னெண்டு மணி நேரம். என் கைக்கடிகாரம் நிக்கவே இல்ல. ஒவ்வொரு மணிக்கும் அவன் கேட்பான், 'இப்ப எத்தனை?'ன்னு. நான் சொல்லுவேன். தூங்காம இருக்கத்தான். நல்லாத்தான் இருந்தான்மா. பாட்டுக்கூடப் பாடினான்."

"அப்புறம்?"

ஆம்புரோஸ் என்னைப் பார்த்தான். பிறகு மேசையைப் பார்த்தான்.

"மத்தியானம் ரெண்டரை தாண்டி ஒரு மாதிரிப் பேச ஆரம்பிச்சான். 'தண்ணி சூடாயிருச்சு'ன்னான். 'சோப்பு வாசனை வருது'ன்னான். அப்புறம் சிரிச்சான்மா. 'அண்ணே, மூஞ்சியை மெதுவாத் தேயி'ன்னான். கைய விட்டுட்டான். நான் மணியைப் பார்த்தேன். சரியா ரெண்டு நாப்பது."

அம்மா ரொட்டித் தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"உங்களைத் தூக்கப் படகு எப்ப வந்துச்சு?" என்றாள்.

"மூணு மணிக்கு."

அம்மா மெல்லத் திரும்பி என் கைகளைத் தேடினாள். நான் அவற்றை மேசைக்கு அடியில் வைத்திருந்தேன்.