மங்கலாக விழுந்த நிழல்

திருமயத்தில் எங்கள் வீட்டுக்கு சிலிண்டர் போடுகிறவர் அவர். நரைத்த மீசை, தோளில் மடித்த துண்டு. சிலிண்டரை இறக்கிவைத்ததும் வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்ப்பார்.

அன்று வாசல் வெயிலில் வெளுத்துப்போயிருந்த என் ஸ்நேக் பிளான்ட்டைப் பார்த்துவிட்டார்.

"போன தடவ பாத்ரூம் பக்கம் இருந்துச்சு, இப்ப இங்கிட்டு காயுது. இது செடிங்களா, வாடகைக்கு இருக்குற குடும்பமா?"

வீட்டுக்குள் ஒவ்வொரு இடமாக உள்ளங்கையை நீட்டிப் பார்த்தார். "கை நெழலு கருப்பா விழுந்தா வெயிலு சாஸ்தி. விழவே இல்லேன்னா இருட்டு. மங்கலா விழணுங்க."

மங்கலாக விழுந்தது ஹால் ஜன்னலோரம், என் கணவர் பேப்பர் படிக்கும் நாற்காலியின் மேல். செடிக்கும் நாற்காலிக்கும் சேர்த்து அங்கே இடமில்லை. நாற்காலிதான் மூலைக்குப் போனது.

அடுத்த சிலிண்டர் வந்தபோது செடியில் இரண்டு புது இலைகள். அவர் அதைக் கண்டுகொள்ளவேயில்லை. மூலையில் பேப்பரைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்திருந்த என் கணவரின் தலைக்கு மேல் உள்ளங்கையை நீட்டினார்.

"சாருக்குத்தாங்க வெளிச்சம் பத்தல."

காலி சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அவர் பெயரை நான் கேட்டதேயில்லை. ஆனால் என் கணவர் இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும், உட்காருவதற்கு முன் உள்ளங்கையைத்தான் நீட்டிப் பார்க்கிறார்.