சாத்தானின் கண்கள் அவிந்த வெள்ளிக்கிழமை

டெல்மிரா கொண்டார்கோ பொலிவியாவின் ஓருரோ நகரப் பேருந்து நிலையத்தில் உயூனி ஊருக்குப் போகும் வண்டிகளுக்குச் சீட்டு விற்றவள். என் மனைவி. இந்தக் குளிர்காலத்தில் நிமோனியாவில் போய்விட்டாள். சீட்டு விற்றது பிழைப்புக்கு. மற்ற நேரமெல்லாம் சமையலறை மேசையின் ஒரு பாதியில் மைக்ரோகன்ட்ரோலர் போர்டுகளோடு உட்கார்ந்திருப்பாள். மறுபாதியில்தான் நாங்கள் சாப்பிட்டோம்.

அவள் செய்தவற்றில் பாதி உருப்படியாக வேலை செய்யும். தண்ணீர்க் குழாய் உறைவதற்கு முன் கத்துகிற பெட்டி ஒன்று செய்தாள். ஜூன் மாதம் முழுக்க அது கத்தியது. இங்கே ஜூன்தான் கடுங்குளிர், குழாய் உறையாத நாள் ஏது? "அது சரியாத்தான் சொல்லுது. ஊரு மேலதான் தப்பு" என்றாள். கெட்டுப்போன போர்டு எது வந்தாலும் முதலில் மோந்து பார்ப்பாள். கருகின வாசனை இல்லையென்றால்தான் மல்டிமீட்டரைக் கையில் எடுப்பாள்.

அவளுடைய தம்பி எலியோதோரோ, மகளின் காது அறுவை சிகிச்சை நல்லபடி முடிந்தால் மூன்று வருடம் திருவிழா ஊர்வலத்தில் சாத்தான் முகமூடி போட்டு ஆடுவதாக, சுரங்கத் தொழிலாளிகளைக் காக்கும் சுரங்க மாதாவிடம் வேண்டிக்கொண்டிருந்தான். சிகிச்சை நல்லபடி முடிந்தது. இரண்டு வருடம் ஆடிவிட்டான். போன திருவிழா மூன்றாவது. அந்த முறை அவன் வரிசையில் எல்லா முகமூடிகளுக்கும் கண்ணில் விளக்கு வைப்பதென்று முடிவாகி, டெல்மிராதான் போர்டுகளைச் செய்து கொடுத்தாள். மேளம் அடிக்க அடிக்கக் கண்கள் சிவந்து மங்கும். வரிசைத் தலைவர் ருஃபினோ ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"கண்ணு அவிஞ்சவன் என் வரிசையில நிக்கக் கூடாது. ஒத்தக் கண்ணுச் சாத்தானைப் பாத்தா ஊரே சிரிக்கும்."

வரிசைக்கு வெளியே ஆடினால் நேர்த்திக்கடன் கழியாது என்பது எலியோதோரோவின் நம்பிக்கை.

ஊர்வலத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை அவரவர் தொழில் கருவிகளுக்குச் சல்லா செய்வோம். தோரணம் சுற்றி, வண்ணக் காகிதத் துகள் தூவி, பீரும் சாராயமும் தெளித்து, பூமித்தாய்க்கு அவள் பங்கைக் கொடுப்பது. டெல்மிராவின் சால்டரிங் அயர்னுக்கும் தோரணம் சுற்றி முடித்திருந்தோம். பிற்பகலில் எலியோதோரோ முகமூடியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். முகம் செத்திருந்தது.

"அக்கா, கண்ணு கிறுக்குப் பிடிச்ச மாதிரி அடிச்சுக்குது. குதிச்சா மொத்தமா அவிஞ்சு போகுது. சாயங்காலம் ருஃபினோ எல்லார் முகமூடியையும் பாக்குறாரு."

"கீழ போட்டியாடா?"

"நான் தொடவே இல்லக்கா."

"தொடாம எப்படிடா தலையில மாட்டின?"

அவசரத்தில் அவள் மோந்து பார்க்க மறந்துவிட்டாள். பென்சிலின் பின்முனையால் ஒவ்வொரு இணைப்பாக அழுத்தினாள். பேட்டரிக் கம்பியை அழுத்தியதும் கண்கள் அணைந்தன. அங்கே ஈயம் உருண்டையாகக் கம்பிமேல் சும்மா உட்கார்ந்திருந்தது, போர்டில் பிடிக்கவில்லை.

"இது என் வேலைதான். ஜன்னலைத் திறந்து வெச்சுக்கிட்டு வேலை பாத்தேன், காத்துல சூடு பத்தல" என்றாள். ஜன்னலைச் சாத்தி, அந்த இடத்தை நன்றாகச் சுட வைத்து மறுபடி ஈயம் விட்டாள். இப்போது குலுக்கினாலும் கண்கள் அணையவில்லை. ஆனால் அந்தக் கிறுக்குத் துடிப்பு மட்டும் போகவில்லை. பேட்டரியை மாற்றினாள். கணினியில் மாட்டி நிரலை மறுபடி ஏற்றினாள். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் போர்டை மூக்குக்கு அருகே கொண்டுபோனாள்.

"எலியோ, இது ஏன்டா பீர் நாத்தம் அடிக்குது?"

அவன் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

"சல்லா பண்ணினேன்க்கா."

"வெளியவா, உள்ளயா?"

"உசிரு உள்ளதானே இருக்கு."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. பீர் காய்ந்து சிப்பின் கால்களுக்கிடையே பிசினாகப் பிடித்திருந்தது. அந்தப் பிசின் வழியாக மின்சாரம் போகக்கூடாத பக்கமெல்லாம் கசிந்தது. பேட்டரியைக் கழற்றிவிட்டு, வெந்நீரும் பல் துலக்கும் பிரஷும் எடுத்தாள். அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"கழுவாதக்கா. பூமித்தாய்க்குக் கொடுத்ததைத் துடைச்சு எடுக்கிறதா? நேர்த்தியே கெட்டுப்போகும்."

"கழுவலேன்னா நாளைக்கு நீ வரிசையில இல்ல."

"தெரியும்" என்று சொல்லி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். எந்தப் பக்கம் போனாலும் அவனுக்கு நேர்த்தி முறிகிறது. திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் பிரஷைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"நீ அதை யாருக்குடா கொடுத்த? போர்டுக்கா, பூமிக்கா?"

"பூமிக்குத்தான்."

"அப்ப அது இன்னும் போய்ச் சேரல. சீட்டு வாங்கிட்டு வண்டி ஏறாத ஆளு மாதிரி நடுவுல நிக்குது. வா, ஏத்தி விடுவோம்."

கொல்லையில் வெறும் மண்ணுக்கு மேல் போர்டைப் பிடித்துக்கொண்டாள். அவனே வெந்நீரை ஊற்றினான், அவள் தேய்த்தாள். காகிதத் துகளும் பீர்ப் பிசினும் மண்ணில் இறங்கின. அவன் தொப்பியைக் கழற்றிவிட்டு வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தான். பிறகு ஈரத்தை எடுக்க, சல்லாவுக்கு வாங்கின சுத்தச் சாராயத்தைக் கேட்டாள். அவன் முதல் மூடிச் சாராயத்தை மண்ணுக்கு ஊற்றிவிட்டுத்தான் போர்டுக்குக் கொடுத்தான். அவள் தடுக்கவில்லை.

ஹேர் டிரையரால் உலர்த்தி மாட்டியபோது, நான் மேசையில் தட்டின தாளத்துக்கு மட்டும் கண்கள் துடித்தன. பக்கத்து வீட்டு நாய் குரைக்கிற வரை அவனைக் குதிக்க வைத்தாள். சாயங்காலம் ருஃபினோ முகமூடியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நிக்கலாம்" என்றார்.

சனிக்கிழமை அவன் வரிசையில் ஆடினான். டெல்மிரா மாற்றுப் பேட்டரியோடு நடைபாதையிலேயே கூட வந்தாள். கோவில் வாசலில் எல்லோரையும் போல அவனும் முகமூடியைக் கழற்றினான். அவளிடம் கொடுத்துவிட்டு, முழங்காலில் ஊர்ந்தபடி மாதாவிடம் போனான். வெகுநேரம் கழித்து வெளியே வந்தான். அழுது அவன் கண்கள் வீங்கியிருந்தன.

"முடிஞ்சுதுக்கா."

"நல்லதுடா" என்று அவன் தலையைத் தடவினாள். "இனி பேட்டரியைக் கழட்டி வை. கசிஞ்சுதுன்னா போர்டு போயிரும்."