அன்னாளின் ஒருசந்தி

அன்னாளுக்கு வாய் நீளம் என்பது உடும்பஞ்சோலைப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் எல்லோருக்கும் தெரியும். எடை போடும்போது கூடுதலாகக் கழிவு பிடிக்கிற கணக்கப்பிள்ளையை நாலு பேர் முன்னால் நிறுத்தி, நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும்படி கேட்பாள். கணவன் மிக்கேல்ராஜ் நேர் எதிர். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் விறகு தள்ளுகிற வேலை, வாயைத் திறந்தால் அதிசயம். அந்த மனுஷனைத்தான், காய்ந்த காய் மூட்டைகள் காணாமல் போயின என்று போலீஸ் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

போனவர் வரவில்லை. ஒரு நாளுக்குள் கோர்ட்டில் நிறுத்த வேண்டுமாம். சட்டம் புத்தகத்தில் பத்திரமாக இருக்கிறது. வாரம் கடந்தும் ஸ்டேஷனில் கிடைத்த பதில் ஒன்றுதான்: "ஆள் இவிடெ இல்லா சேச்சி, வீட்டுக்குப் போ." அன்னாள் நம்பவில்லை. ஸ்டேஷனுக்குப் பின்பக்கச் சந்தில் நடந்தபோது உள்ளேயிருந்து ஓர் அலறல் கேட்டது. அதைத் தொடர்ந்து வந்த இருமலை அவளுக்குத் தெரியும். ஸ்டோர்ப் புகையில் வருஷக்கணக்காக இருமிய இருமல் அது.

மறுநாள் காலை ஸ்டேஷனுக்கு எதிரே சாக்கை விரித்து உட்கார்ந்துவிட்டாள். "எம்புருசன வெளிய விடுறவரைக்கும் விரதம்" என்று அறிவித்தும்விட்டாள். தொழிற்சங்கத்து யாக்கோபு தார்ப்பாய் கட்டி, மலையாளத்தில் பேனர் எழுதித் தொங்கவிட்டான். அன்னாளுக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. தோட்டக் குடியிருப்பான லயத்துப் பெண்கள் வேலை முடிந்து வந்து முறை வைத்து விழித்திருந்தார்கள். முன் கேட்டில் பாதிப்பேர், பின் கேட்டில் பாதிப்பேர். இருட்டோடு இருட்டாக ஆளை வேறெங்காவது மாற்றிவிட்டால் என்ன செய்வது? ஜீப் உறுமும்போதெல்லாம் ஜெபமாலை பாதியில் நின்றுவிடும். அத்தனை பேரும் எழுந்து போய் வண்டிக்குள் எட்டிப் பார்ப்பார்கள்.

அங்கேதான் ஒரு பிசகு நடந்தது. உச்சிப்பொழுதில் பக்கத்து வீட்டு பின்சி தூக்குச்சட்டியில் கஞ்சி கொண்டுவந்தாள். அன்னாள் சிலுவை போட்டுக்கொண்டு, எல்லோரும் பார்க்கக் குடித்தாள். தவக்காலத்தில் அவர்கள் வழிவழியாகப் பிடிக்கிற ஒருசந்தி அதுதான். காலையும் இரவும் பட்டினி, மதியம் மட்டும் கஞ்சி. விரதம் என்றால் அவளுக்கு வேறென்ன? ஸ்டேஷன் வராந்தாவில் நின்ற போலீஸ்காரர் ஒருவர் அதைச் செல்போனில் படம் பிடித்துப் பரப்பிவிட்டார். சாகும்வரை உண்ணாவிரதம் என்ற பேனருக்குக் கீழே கஞ்சி குடிக்கும் பெண்! சாயங்காலத்துக்குள் கட்டப்பனைவரை பார்த்துச் சிரித்தார்கள். வருவதாகச் சொன்ன டிவிக்காரர்களும் வரவில்லை.

யாக்கோபு தலையில் கையை வைத்துக்கொண்டு வந்தான். "என்ன மதினி இப்படிப் பண்ணிட்டீங்க? தண்ணியத் தவிர எதையும் தொடக் கூடாதுல்ல?"

"நீ எங்க சொன்ன? மாதாவுக்கு நேந்து ஒருசந்தி புடிச்சேன். கள்ளத்தனமாவா குடிச்சேன்?" என்றவள் பேனரை நிமிர்ந்து பார்த்தாள். ஒரு வாய்க் கஞ்சிக்காகக் கணவனைக் கைவிட்டுவிட்டோமே என்று முந்தானையில் முகத்தைப் புதைத்து அழுதாள். அன்னாள் அழுது பின்சி பார்த்ததே இல்லை.

அதோடு கஞ்சி நின்றது. அவளுக்குச் சர்க்கரை வியாதி வேறு. பின்சி கெஞ்சிப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள், பலிக்கவில்லை. உதடு வெடித்தது, எழுந்தால் கண்ணை இருட்டியது. அதைப் பார்த்த லயத்துப் பெண்கள் ஒருநாள் மதியம் வேலையைப் போட்டுவிட்டுத் தூக்குச்சட்டிகளோடு வந்தார்கள். ஸ்டேஷன் வாசலில் அவற்றை வரிசையாக வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். ஒருத்தியும் மூடியைத் திறக்கவில்லை. காய் எடுக்க ஆளில்லாமல் தோட்டங்கள் கிடந்தன. அதற்குப் பிறகு சிரிப்பு நின்றது, கேமராக்கள் வந்தன.

அன்னாள் மயங்கிச் சரிந்து கண் திறந்த அன்று இன்ஸ்பெக்டர் வெளியே வந்தார். கையில் ஒரு கிளாஸ் எலுமிச்சைச் சாறு. அவருக்குப் பின்னால், இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவே, புது முழுக்கைச் சட்டையில் மிக்கேல்ராஜ்.

"நோக்கு சேச்சி, ஆளுக்கு ஒரு குழப்பமும் இல்லா. விசாரிச்சு விட்டாச்சு. இதக் குடிச்சு உண்ணாவிரத சமரத்த முடிச்சுக்கோ," என்று கேமராவைப் பார்த்தபடியே கிளாஸை நீட்டினார்.

அன்னாளின் உடம்பு அதற்குத் தவித்தது, சும்மா சொல்லக் கூடாது. ஆனால் கண் கணவனை விட்டு நகரவில்லை. இத்தனை நாள் கழித்துப் பார்க்கிறார், ஒரு கை தூக்கவில்லை. கழுத்துப் பொத்தானை ஒருநாளும் போடாதவருக்கு அதையும் யாரோ போட்டுவிட்டிருந்தார்கள். அவள் கிளாஸை வாங்கிக்கொண்டு, பின்சியின் தோளைப் பிடித்து எழுந்தாள்.

"எனக்கு முந்தி அவுக குடிக்கட்டும் சார்," என்று கணவனிடம் நீட்டினாள். "வாங்குங்க. உங்க கையால வாங்கிக் குடிங்க."

மிக்கேல்ராஜ் அவளைப் பார்த்தார். புரிந்துகொண்டார். கையைத் தூக்க முயன்றார், இடுப்புக்குமேல் அது ஏறவில்லை. சட்டைக் கைக்குள்ளிருந்து வெளியே வந்த விரல்கள் வீங்கிக் கறுத்து, மடங்காமல் விரிந்தே நின்றன. இன்ஸ்பெக்டர் கிளாஸைப் பிடுங்கப் பாய்ந்தார். அன்னாள் விடவில்லை.

"எல்லாரும் நல்லாப் பாத்துக்கோங்க," என்றாள். பிறகு கணவனின் தலையைத் தாங்கிப் பிடித்து, கிளாஸை அவர் வாயில் வைத்தாள்.