வெள்ளிக்கிழமைக் கோச்சி

நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரி மிஸிஸ் ஹில் வாசற்கதவை மிக விரைவாகச் சாத்திவிடுகிறார். காலையில் கணவர் வேலைக்குப் புறப்பட்டால், அவர் தெருப் படலையைத் தாண்டுமுன்பே கதவு சாத்தப்பட்டிருக்கும். வந்த புதிதில் புருஷனுக்கும் பெண்சாதிக்கும் ஏதோ கோபம் என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் லண்டனின் ஓரத்தில் இருக்கும் இந்தத் தெரு முழுவதும் அப்படித்தான். குளிர் உள்ளே வந்துவிடுமாம். சென்ற வாரம் அவர்களுடைய ஒரே மகள் டொறிஸ் பல்கலைக்கழக விடுதிக்குக் குடிபோனாள். கல்லூரி இங்கிருந்து ரயிலில் அரைமணித்தியாலம். வீட்டிலிருந்தே நாளும் போய்வரலாம். போய்வருவதா, அங்கேயே தங்குவதா என்று அவர்கள் நடத்திய ஆலோசனை தேநீர் ஆறுமுன்னர் முடிந்துவிட்டது. தாய் பாட்டுப் பாடிக்கொண்டே மகளின் விடுதி அறைக்குத் திரைச்சீலை தைத்தார். போகிற அன்று ஒரு முத்தம், ஒரு கையசைப்பு, கதவு சாத்தியாயிற்று. உடனே என் பக்கம் திரும்பி, "உமக்கு ஒரு முட்டையா, இரண்டா?" என்று கேட்டார்.

நான் விழித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வந்தது. "உமது அம்மாவும் உம்மை ஒருவழியாய்த் துரத்திவிட்டோம் என்று சந்தோஷப்பட்டிருப்பாரே?" என்றார். அது பகிடி என்று விளங்குவதற்குள் என் வாய் முந்திக்கொண்டது. "யெஸ், அவர்தான் என்னைப் போகச் சொன்னார்" என்றேன். நல்ல பதில் என்று தோளில் தட்டிவிட்டு முட்டை அவிக்கப் போனார். நான் சொன்னது முழு உண்மை. அது எப்படி உண்மையானது என்று அவருக்குச் சொல்ல என் ஆங்கிலம் போதாது. ஊரில் இருக்கும் உங்களுக்கும், என்னைப் போலக் கடல் தாண்டி எங்கெங்கோ இருக்கிறவர்களுக்கும் சொல்கிறேன்.

மன்னார்த் தீவில் தோட்டவெளி எங்கள் ஊர். எனக்குப் பதினொரு வயதாக இருக்கும்போது அப்பாவும் அண்ணனும் ஒரே வள்ளத்தில் கடலுக்குப் போனார்கள். வள்ளமும் வரவில்லை, அவர்களும் வரவில்லை. உடல் கிடைத்திருந்தால் அம்மா அழுது முடித்திருப்பார். கிடைக்காதபடியால் அவர் காத்திருக்கத் தொடங்கினார். சோறு இறக்கி வைத்துவிட்டுக் கரைக்குப் போவார். வெறுங்கையோடு வந்து எனக்கு மட்டும் போடுவார். அப்படிப்பட்ட தாயிடம், கொழும்பில் உள்ள பல்கலைக்கழகக் கல்லூரியில் கணிதம் படிக்க எனக்கு இடம் கிடைத்திருக்கிறது என்ற கடிதத்தை எப்படி வாசிப்பது? இரண்டு நாள் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். வாசித்து முடித்தபோது அம்மா வழக்கம்போலக் கரைக்குப் போய்விட்டார். அவருடைய தம்பி செபமாலை மாமா மன்னார்ப் பட்டினத்தில் கடை வைத்திருப்பவர். அவர்தான் வழி சொன்னார்.

"விடுதியில போய் இருந்தால் அக்கா தாங்கமாட்டா. கிழமைக்கு ஒருக்கா வந்து போ. வெள்ளி பின்னேரம் கோச்சி ஏறினால் சனி விடிய வந்திடலாம். செலவை நான் பாக்கிறன்."

ரயிலை நாங்கள் கோச்சி என்போம். எனக்கு அது வானத்திலிருந்து இறங்கிய யோசனையாகத் தோன்றியது. படிப்பையும் விடவேண்டாம், அம்மாவையும் விடவேண்டாம். கிழமை நாட்களில் கொழும்பு கொட்டாஞ்சேனையில் மாமாவுக்குத் தெரிந்த ஒருவரின் கடைப் பின்னறையில் படுத்தேன். வெள்ளி மாலை கொழும்பு மருதானை ஸ்டேஷனில் ஏறி, தலைமன்னார்க் கோச்சியில் நெரிபட்டு, தீவுக்குள் வரும் கடற்பாலத்தைத் தாண்டி, சனி காலை தோட்டவெளியில் இறங்குவேன். ஸ்டேஷன் வேலியோரம் அம்மா நிற்பார். ஞாயிறு மாலை அதே வேலியோரம் அவரை விட்டுவிட்டு ஏறுவேன். திங்கள் காலை மருதானையில் இறங்கி, முகம் கழுவவும் நேரமில்லாமல் வகுப்புக்கு ஓடுவேன். சட்டையில் கரித்தூள் இருக்கும். கரும்பலகையில் எழுதியிருப்பது கண்ணுக்குத் தெரியும், மூளைக்குள் போகாது.

ஒரு திங்கட்கிழமை எங்கள் ஆங்கிலேய விரிவுரையாளர் பொறுமை இழந்தார். "வீடு எங்கே?" என்று கேட்டார். "மன்னார், சேர்" என்றேன். அவர் காதில் அது மருதானை என்று விழுந்தது. "மருதானையா! பஸ்ஸில் கால்மணியில் வந்துவிடலாமே. அதற்குக்கூட உமக்குச் சோம்பலா?" என்று வகுப்பின் நடுவே கேட்டார். மற்றவர்கள் சிரித்தார்கள். திருத்திச் சொல்லாமல் சட்டையின் கரித்தூளைத் தட்டிவிட்டு உட்கார்ந்தேன். தவணைப் பரீட்சையில் கணிதத்திலேயே தவறிய பிறகு அவர் என்னைத் தனியே கூப்பிட்டார். அப்போதுதான் சுவரில் தொங்கிய தேசப்படத்தில் விரலை வைத்து மன்னாரைக் காட்டினேன். அவர் கொழும்பிலிருந்து மன்னார்வரை பாதையை விரலால் அளந்து பார்த்தார். பிறகு, கோபமில்லாமல், "விடுதியில் ஒரு கட்டில் ஒழுங்கு செய்கிறேன். அல்லது வீட்டுக்கே போய்விடும். இரண்டிலொன்று. ரயிலில் இருந்துகொண்டு ஒருவனும் படிக்க முடியாது" என்றார்.

இங்கே லண்டனில் காலையில் ஆயிரக்கணக்கானோர் ரயிலில் போய் மாலையில் திரும்புகிறார்கள். பத்திரிகையை விரித்தால் இறங்கும்வரை நிமிர்வதில்லை. அவர்களுடைய முகங்களைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். ஸ்டேஷனில் இவர்களுக்காக ஒருவரும் நிற்பதில்லை. நிற்காதபடியால்தான் இவர்களால் இப்படி வாசிக்க முடிகிறதோ என்று தோன்றும்.

விரிவுரையாளர் சொன்னதை அம்மாவிடம் சொல்ல வேண்டிய அந்த வெள்ளிக்கிழமை பெருமழை பிடித்தது. மதவாச்சிக்கு அப்பால் பாதையை வெள்ளம் அரித்துவிட்டது என்று எங்களை அங்கேயே இறக்கிவிட்டார்கள். தந்திக் கம்பியும் அறுந்திருந்தது. சனிக்கிழமை முழுவதும் அந்த மேடையில் ஈர உடுப்போடு இருந்தேன். அம்மா வேலியோரம் நிற்கிறார், நிற்கிறார், இன்னும் நிற்கிறார் என்பதைத் தவிர என் தலைக்குள் வேறொன்றும் இல்லை. ஞாயிறு பின்னேரம் ஒருபடியாக மன்னாரில் இறங்கியபோது மாமா ஓடிவந்தார்.

"அக்கா கடையில கிடக்கிறா. பயப்பிடாத, உயிருக்கு ஒண்டுமில்லை. உன்னைத் தேடித் தண்டவாளத்தால நடந்திருக்கிறா. மன்னார் தாண்டிக் கடற்பாலம் வரைக்கும் போயிட்டா. பாதை பாக்கிற காசிம் நானா மறிச்சிருக்காட்டி..." என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார்.

அம்மா பாயில் படுத்திருந்தார். பாதங்களைத் துணியால் சுற்றியிருந்தார்கள். சரளைக்கல் கிழித்த இடங்களில் இரத்தம் ஊறி இருந்தது. உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. நான் காலடியில் இருந்து, "அம்மா, நான் படிப்பை விட்டிட்டன். இனிப் போகமாட்டன்" என்றேன். அந்த நேரத்தில் அதை மனதாரச் சொன்னேன்.

"விசர்க் கதை கதையாத" என்றார். குரல் தெளிவாக இருந்தது. "நீ போ. போய் அங்கேயே இரு. இனி வாறன் எண்டு மட்டும் சொல்லாத."

"உங்களுக்காகத்தானே அம்மா கிழமைக்குக் கிழமை வாறனான்!"

"எனக்கு வேணுமெண்டு ஆர் சொன்னது? கொப்பரையும் கொண்ணனையும் கடலுக்கு ஒருக்காத்தான் பறிகுடுத்தனான். உன்னை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பறிகுடுக்கிறன். வியாழன் வந்தால் எனக்குச் சோறு இறங்காது. வெள்ளி கண் மூடாது. கோச்சி கவிழ்ந்திருக்குமோ, பாலம் உடைஞ்சிருக்குமோ எண்டு... என்னால ஏலாது மோனை. நத்தார்ப் பெருநாளுக்கு மட்டும் வா. அதுவரைக்கும் நீ வரமாட்டாய் எண்டு தெரிஞ்சால், நான் படுப்பன்."

"அப்ப ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"முதல் கிழமை நீ இறங்கி வரேக்க உன்ர முகத்தைப் பாத்தனான். அழுத கண். அப்பிடி வாற பிள்ளையை வராத எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

நான் அவருக்காக வருகிறேன் என்று நினைத்திருந்தேன். அவர் எனக்காக அதைத் தாங்கியிருந்தார். ஒருவருக்கொருவர் இரக்கப்பட்டே நாங்கள் இரண்டு பேரும் அந்தத் தவணை முழுவதும் செத்துக்கொண்டிருந்தோம்.

அம்மாவுக்குக் காய்ச்சல் இறங்கிய பிறகு நான் விடுதிக்குப் போனேன். முதல் வெள்ளிக்கிழமை மாலை கால்கள் தாமாகவே மருதானைக்குக் கொண்டுபோய்விட்டன. எங்கள் தீவின் பேசாலைக்காரர் ஒருவர் யன்னலால் தலையை நீட்டி, "என்ன தம்பி, ஏறேல்லையோ?" என்று கேட்டார். "இண்டைக்கு இல்லை அண்ணை" என்றேன். கோச்சி போனது. அறைக்கு வந்து சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவன் திங்கள்வரை புத்தகம் தொடவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் போனேன். அதற்கடுத்ததும். பிறகு எப்போது விட்டேன் என்று நினைவில்லை. விட்டேன் என்பதுதான் என்னை இன்றைக்கும் குத்துகிறது.

மார்கழியில் கிறிஸ்து பிறப்பான நத்தாருக்குப் போனபோது எங்கள் வீடு பூட்டிக் கிடந்தது. திறப்பு மாமாவிடம் இருந்தது. "அக்கா முள்ளிக்குளத்தில, சின்னம்மா வீட்டில. நீ வரமாட்டாய் எண்டு தெரிஞ்சும் சனி விடியக் கோச்சி கூவினால் எழும்பி ஓடினவா. அங்க கோச்சிச் சத்தம் கேக்காதாம்" என்றார். முள்ளிக்குளத்தில் அம்மா உடம்பு தேறியிருந்தார். வாய்விட்டுச் சிரித்துக்கூடப் பேசினார். நான் பக்கத்தில் இல்லாத ஊரில் என் தாய்க்கு உறக்கம் வருகிறது என்பதைப் பார்த்துக்கொண்டு, அவர் பரிமாறிய சோற்றை விழுங்கினேன். பின்னர் படிப்பு முடிந்து, இங்கிலாந்துக்குப் புலமைப்பரிசில் கிடைத்து, பயணம் சொல்லப் போனபோதும் அவர் கேட்டது ஒன்றுதான். "எப்ப வருவாய் எண்டு சொல்லாத." நான் சொல்லவில்லை.

நேற்று இங்கே கல்லூரிக் கந்தோரில் ஒரு படிவம் நிரப்பினேன். தவணைக்கால முகவரிக்கு ஒரு கோடு, நிரந்தர வீட்டு முகவரிக்கு ஒரு கோடு. முள்ளிக்குளத்தில் நான் பத்து நாள்கூடத் தங்கியதில்லை. தோட்டவெளியில் பூட்டு மட்டும் இருக்கிறது. பேனா நெடுநேரம் தயங்கி, தோட்டவெளியை முதற் கோட்டிலும் மிஸிஸ் ஹில்லின் தெருவை இரண்டாம் கோட்டிலும் எழுதிவிட்டது. மேசைக்குப் பின்னால் இருந்த வயதான பெண், "புதிதாய் வருகிறவர்கள் விடுகிற பிழை, தம்பி" என்ற பாவனையில் தலையசைத்து, இரண்டு முகவரிகளுக்கும் குறுக்கே இரண்டு அம்புக்குறிகள் போட்டு இடம் மாற்றினார். "இப்போது சரிதானே?" என்று கேட்டார்.

"ஓம்" என்றேன். ஆம் என்பதற்கு எங்கள் ஊர்ச் சொல் அது; யோசிக்காமல் தமிழில் வந்துவிட்டது.

அந்தப் பெண் லண்டன் வாசி. 'ஹோம்' என்பதை அவர்கள் ஹகரத்தை விழுங்கித்தான் சொல்வார்கள். அவருக்கு அது அப்படியே கேட்டிருக்கிறது. முகம் மலர்ந்து, ஒருவரும் குடியிராத அந்த வீட்டின் பெயர்மேல் விரலை வைத்துத் தட்டி, "ஓம்" என்றார் அவரும்.